மெத்தையக்கா கொடுத்த நாலாவது அறை

பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியில் அவளுடைய அறைக் கதவில் ‘அறை ஒதுக்கீட்டு எழுத்தர்’ என்று ஒரு பலகை தொங்குகிறது. அதை யாரும் படிப்பதில்லை. வார்டன் முதல் தோட்டக்காரர் வரை எல்லாருக்கும் அவள் மெத்தையக்காதான். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடுகிற துணிச்சல் மட்டும் மூன்றாம் வருஷ மாணவிகளுக்குத்தான் வரும்.

அந்தப் பெயரை அவளே சம்பாதித்துக்கொண்டாள். வருஷா வருஷம் விடுமுறையில் விடுதி காலியானதும் சாவிக்கொத்தையும் ஒரு நோட்டையும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். முன்னூற்றுப் பன்னிரண்டு அறை, எழுநூறு கட்டில். ஒவ்வொரு கட்டிலிலும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி, மல்லாந்து படுத்து, ஐந்து நிமிஷம் கிடப்பாள். காலை வெயில் முகத்தில் அடிக்கிறதா, மின்விசிறி முனகுகிறதா, பக்கத்து அறைக் கதவை அறைந்தால் இந்தக் கட்டில் ஆடுகிறதா என்றெல்லாம் எழுதிக்கொள்வாள். முழுசாக இரண்டு வாரம் பிடிக்கிற வேலை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற அவள் புருஷனுக்கு இதில் தீராத பொறாமை.

“நான் நாள் பூரா நின்னுக்கிட்டே சம்பாதிக்கிறேன். உனக்குப் படுத்துட்டு வரச் சம்பளம் தர்றாங்க” என்பார்.

அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், தற்காலிக வேலைக்கு வந்த புதிதில், அறையைப் பார்க்காமல் பட்டியலைப் பார்த்தே ஒதுக்கித் தள்ளியவள்தான் அவளும். அந்த வருஷம் உச்சி மாடியில் ஒரு பெண், மழைக்காலம் முழுக்கத் தலைமாட்டில் ஒழுகுகிற கூரைக்கு அடியில் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒரு வார்த்தை வெளியே சொல்லவில்லை. வருஷக் கடைசியில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, “வேற அறை கேட்கலாம்னு எனக்குத் தெரியாதுங்க” என்றாள் சாதாரணமாக. மெத்தையக்காவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தான் படுத்துப் பார்க்காத கட்டிலை இன்னொருத்திக்குக் கொடுப்பதில்லை என்று அப்போது பிடித்த பிடிதான், இன்னும் விடவில்லை.

சேர்க்கை நாளில் அவள் அறை வாசலில் நின்று பார்த்தால் பொழுது போவதே தெரியாது. அப்பாக்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். எதற்கென்று அவர்களுக்கே தெரியாது, ஆனால் தட்டாமல் விடமாட்டார்கள். அம்மாக்கள் நேராகக் குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாளை மூன்று முறை போட்டுப் போட்டு எடுப்பார்கள். மகள்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, “எனக்கு ஓகே” என்பார்கள். குடும்பமே கூடி நின்று, மூன்று பேர் அறையா இரண்டு பேர் அறையா, தெருப்பக்கமா தோட்டப்பக்கமா என்று அரை நாள் அலசும். கடைசியில், “நீங்களே பார்த்துக் குடுங்கம்மா” என்று அவள் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். அந்த வார்த்தைக்காகத்தான் அவள் காத்திருப்பாள்.

நல்ல அறை என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம்தான். சத்தம் கேட்கக் கூடாது. அவளுக்குத் தூக்கம் அப்படி. குண்டூசி விழுந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். வீட்டுச் சுவர்க்கடிகாரம் டிக்டிக் என்கிறது என்று அதன் பேட்டரியைக் கழற்றி வைத்தவள். அது எட்டு வருஷமாக நாலே காலைக் காட்டிக்கொண்டிருக்கிறது. தன் காதை வைத்து முன்னூற்றுப் பன்னிரண்டு அறைக்கும் மார்க் போட்டவளுக்கு, மற்றவர்கள் காது வேறு மாதிரி இருக்கலாம் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அதை அவளுக்குக் காட்ட ஒருத்தி வர வேண்டியிருந்தது.

வந்தவள் புள்ளியியல் படிக்க வந்த முதல் வருஷப் பெண். ஒல்லி, குனிந்த தலை, எதைக் கேட்டாலும் முதலில் “பரவாயில்லக்கா” என்று ஆரம்பிக்கிற வாய். அவர்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் அவள்தான். வகுப்பில் சேர்ந்த மூன்றாவது வாரம் அலுவலகத்துக்கு வந்தாள்.

“அறை மாத்தித் தர முடியுமாக்கா?”

“ஏம்மா, என்ன பிரச்சினை?”

“பரவாயில்லக்கா, நல்லாத்தான் இருக்கு. தூக்கம்தான் வரல.”

இரண்டாவது மாடி, மூன்று பேர் அறை. கூட இருக்கிற ஒருத்தி தூக்கத்தில் கணக்குப் பாடம் ஒப்பிப்பவள் என்று மெத்தையக்காவுக்கு முன்பே தெரியும். சரி, அந்தப் புண்ணியவதிதான் காரணம் என்று தீர்மானித்து, தோட்டப்பக்கம் இரண்டு பேர் அறைக்கு மாற்றினாள். கூட இருப்பவள் எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிற ரகம். இரண்டு வாரம் கழித்துப் பெண் திரும்பி வந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

“இப்பவும் வரலக்கா.”

விடுதி டாக்டர் பார்த்தார். எல்லாருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னார். “வீட்டு நினைப்பு. போகப் போகச் சரியாயிடும்.” வீட்டு நினைப்பு வந்த பெண்களை மெத்தையக்கா ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறாள். அவர்கள் அழுவார்கள், சாப்பாட்டைத் திட்டுவார்கள், மணிக்கொரு தரம் போனை எடுப்பார்கள். இவள் அழவில்லை, சாப்பாட்டை மிச்சம் வைக்கவில்லை, கூட இருந்தவளோடு நன்றாகவே பழகினாள்.

“உள்ளுக்குள்ள என்னதான் பண்ணுது உனக்கு?” என்று வாயைப் பிடுங்கிப் பார்த்தாள்.

“எதுக்கோ காத்துக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்குக்கா. எதுக்குன்னு தெரியல.”

இதற்கு மருந்து இன்னும் அமைதியான இடம்தான் என்று மெத்தையக்கா முடிவு கட்டினாள். ஆறாவது மாடிக் கோடியில் ஒரு தனி அறை இருக்கிறது. ஒரு பக்கம் மூடிய நூலகக் கிடங்கு, மறுபக்கம் வெட்டவெளி. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் சொந்த மூச்சு கேட்கும். ஆராய்ச்சி மாணவிகள் அதற்காகச் சண்டை போடுவார்கள். அவள் அதை யாருக்கும் லேசில் கொடுக்க மாட்டாள். அந்த அறையை வார்டனிடம் மன்றாடி, முதல் வருஷப் பெண்ணுக்கு வாங்கிக் கொடுத்தாள். சாவியைக் கையில் வைத்தபோது, “இதுக்கு மேல ஒரு அறை இந்த ஊர்லயே கிடையாது” என்றாள் பெருமையாக.

அதற்கப்புறம்தான் பெண் சுத்தமாக உடைந்து போனாள். இடைத்தேர்வில் விடைத்தாள் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். நூறுக்குப் பதினொன்று. இன்னொரு தாளில் பெயரை மட்டும் எழுதியிருந்தாள். அவளுடைய ஆசிரியை போன் பண்ணி, “இந்தப் பொண்ணு கெட்டிக்காரிங்க, ஆனா உட்கார்ந்த இடத்துல உயிர் இல்லாம இருக்கா” என்றார். மெத்தையக்காவுக்குக் கை ஓடவில்லை. ஒரு வருஷத்தில் மூன்று அறைக்கு மேல் யாருக்கும் கிடையாது என்பது விதி. அந்த மூன்றும் முடிந்துவிட்டது. அவளிடமிருந்த மிகச் சிறந்த அறையும் முடிந்துவிட்டது.

அந்த வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பெண் வந்தபோது, கையில் இருந்தது அறை மாற்றக் கடிதம் இல்லை. விடுதியைக் காலி செய்கிற கடிதம்.

“அப்பாகிட்டச் சொல்லிட்டேங்கக்கா. சனிக்கிழமை கம்பெனி வேன் எடுத்துட்டு வர்றேன்னார். நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“படிப்பு?”

“பரவாயில்லக்கா. அங்க ஒரு கடையில ஆள் எடுக்கிறாங்க.”

அவள் அதை அழாமல் சொன்னாள். வீட்டிலிருந்து வந்துபோக முடியாத தூரம், பஸ்ஸில் ஏழு மணி நேரம். இந்த விடுதியை விட்டால் படிப்பை விட்டது போலத்தான். கையெழுத்துப் போட மெத்தையக்காவுக்கு மனசு வரவில்லை. ரப்பர் ஸ்டாம்பு கண் முன்னாலேயே கிடந்தது. அதன் மேல் ஒரு பைலை நகர்த்தி வைத்துவிட்டு, “ஸ்டாம்பு எங்கயோ வெச்சுட்டேன், உட்காரு, தேடிட்டு வர்றேன்” என்று பச்சையாகப் புளுகிவிட்டு உள்ளறைக்குப் போனாள். அங்கே பழைய பதிவேடுகளுக்கு நடுவில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் விரலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜன்னலுக்கு வெளியே, இரண்டடி தள்ளி, விடுதியின் பெரிய ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது. மேசையில் டம்ளர் நடுங்கும், பேனா உருளும், அப்படிப்பட்ட ஜென்மம் அது. அது ஓடும்போது அலுவலகத்தில் யாரும் வேலை பார்க்க மாட்டார்கள். மெத்தையக்கா மேசை டிராயரில் இதற்கென்றே பஞ்சு வைத்திருக்கிறாள். அதை எடுக்க வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கொஞ்சநஞ்சத் தூக்கம் இல்லை. தலை சுவரில் சாய்ந்து, வாய் திறந்து, பை மடியிலிருந்து நழுவிக் காலடியில் கிடந்தது. மேசை மேல் போன் அடித்தது, அசையவில்லை. உதவியாளர் அம்மா கதவை அறைந்து சாத்தினார், அசையவில்லை. பஞ்சு வைத்த காதோடு மெத்தையக்கா எதிரில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுப்பினால் கையெழுத்துப் போட வேண்டிவரும் என்பது ஒரு காரணம். மூன்று மாசத்தில் முதல் தடவையாக அந்த முகத்தில் சுருக்கம் இல்லாமல் இருந்தது இன்னொரு காரணம்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. நின்ற அதே நொடியில் பெண் எழுந்து நின்றாள். கண் திறப்பதற்கு முன்பே கால் செருப்பைத் தேடியது. கை எதையோ தூக்கப் போவது போல நீண்டது. உடம்பு வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

மெத்தையக்கா காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கினாள். “எங்க ஓடுறே?”

பெண் திருதிருவென்று விழித்தாள். “நின்னுடுச்சுல்லக்கா.”

“எது நின்னுச்சு?”

“மெஷின்.” சொல்லிவிட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைக்க, நாற்காலியில் உட்கார்ந்தாள். “மன்னிச்சுக்குங்கக்கா. வீட்டு ஞாபகத்துல சொல்லிட்டேன்.”

“உங்க வீட்ல என்ன மெஷின்?”

“ஐஸ் கம்பெனிக்கா. அப்பா அங்க ஆபரேட்டர். கம்பெனிக்குள்ளேயே எங்களுக்கு வீடு. மெஷின் ரூமுக்கும் எங்க ரூமுக்கும் ஒரே சுவர்தான். கம்ப்ரசர் ராத்திரி பகலா ஓடிக்கிட்டே இருக்கும்.”

“நின்னா?”

“நின்னா அப்பா ஓடுவார். அரை மணி நேரத்துக்குள்ள திரும்ப ஓட வைக்கலேன்னா ஐஸ் பூரா போயிடும். அம்மா டார்ச் எடுப்பாங்க. ஸ்பேனர் பெட்டி என் வேலை. எனக்கு அஞ்சு வயசுலேருந்து பெட்டி நான்தான் தூக்குவேன்.” லேசாகச் சிரித்தாள். “அப்பா கூப்பிடவே வேண்டாம். சத்தம் நின்னா தானா முழிப்பு வந்துரும். மறுபடி ஓடுற வரைக்கும் யாருக்கும் தூக்கம் வராது.”

மெத்தையக்கா அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தாள். முகவரியில் ‘ஐஸ் கம்பெனிக் குடியிருப்பு’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. முகவரியில் அவள் தூரத்தை மட்டும்தான் பார்ப்பாள். அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்தது எதற்கு என்று இப்போது தெரிந்தது. மூன்று மாசமாக இவளுக்கு மெஷின் நின்றுபோய்க் கிடக்கிறது. மறுபடி ஓட ஆரம்பிக்கிற சத்தத்துக்காக உடம்பு விழித்துக்கொண்டு காத்திருக்கிறது. இது தெரியாமல், தூக்கம் வரவில்லை என்று வந்து நின்றவளை ஒவ்வொரு தடவையும் இன்னும் அமைதியான அறைக்குத் துரத்தியது யார்? கடைசியில் சொந்த மூச்சு கேட்கிற குகையில் கொண்டுபோய் அடைத்துவிட்டு, இதற்கு மேல் அறை கிடையாது என்று பெருமை வேறு. மெத்தையக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே, இருபத்திரண்டு வருஷத்தில் இல்லாத ஒரு தைரியமும் வந்தது.

“ஸ்டாம்பு கிடைக்கல” என்றாள். “சனிக்கிழமை வரைக்கும் கிடைக்காது. நீ வா என்கூட.”

தரைத்தளத்தில், பின்பக்கக் கோடியில் ஓர் அறை உண்டு. அதை ஒட்டித்தான் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் ரூம். எழுநூறு பேர் குளிக்கிற விடுதி என்பதால் இரண்டு மோட்டார் மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த அறையை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மெத்தையக்காவே மூடிவிட்டாள். அன்றைக்கு நோட்டில் அவள் எழுதியது, ‘மனுஷர் படுக்கத் தகாது.’ அதிலிருந்து அது உடைந்த கட்டிலும் கால் போன நாற்காலியும் போடுகிற இடம்.

கதவைத் திறந்ததும் மோட்டார் சத்தம் வந்து நெஞ்சில் இடித்தது. மெத்தையக்கா முகத்தைச் சுளித்தாள். பெண் முகத்தைச் சுளிக்கவில்லை. சாமான்களுக்கு நடுவில் வழி பண்ணிக்கொண்டு உள்ளே போய், சுவரின் மேல் முதுகை வைத்து நின்றாள். அவள் தோள் இரண்டும் இறங்கின. இத்தனை நாளும் அவை தூக்கிக்கொண்டே இருந்தன என்று அப்போதுதான் தெரிந்தது.

“இங்க இருக்கலாமாக்கா?” என்று கேட்டாள். இந்தத் தடவை பரவாயில்லை என்று ஆரம்பிக்கவில்லை.

இருக்கலாம்தான். ஆனால் வார்டன் என்று ஒருவர் இருக்கிறார். வேதியியல் பேராசிரியை. விதியை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்துத்தான் பேசுவார். அவர் முன்னால் மெத்தையக்கா போய் நின்று விஷயத்தைச் சொன்னாள். வார்டன் மூக்குக் கண்ணாடியை இறக்கினார்.

“மூணு அறை முடிஞ்சுது. நாலாவது அறை கிடையாது. உங்களுக்கே தெரியும்.”

“தெரியுங்கம்மா. நாலாவது அறை கேட்கல.”

“பின்ன?”

“அது அறையே இல்லீங்கம்மா. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி அறைப் பட்டியல்லேருந்து அடிச்சாச்சு. ஏட்டுல அது சாமான் கிடங்கு. இந்தப் பொண்ணு ஆறாவது மாடியிலதான் இருக்கா. அவ கட்டிலும் மெத்தையும் மட்டும் கொஞ்ச நாள் கிடங்குல இருக்கப் போகுது.”

வார்டன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். விதியை மீறுகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். விதிக்குள்ளேயே இவ்வளவு நெளிவு சுளிவோடு நடமாடுகிற ஆளை அப்போதுதான் பார்க்கிறார் போல.

“மெத்தையோட அவளும் இருப்பாளா?”

“மெத்தைக்குக் காவல் வேணுமேம்மா.”

வார்டன் கண்ணாடியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு தன் பைலைப் பார்த்தார். “ஜன்னல் கம்பி சரியா இருக்கா, கதவுத் தாழ்ப்பாள் விழுதான்னு பாருங்க. சாமான் கிடங்கைப் பத்தியெல்லாம் எங்கிட்டக் கேட்க வேண்டாம்.”

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் உடைந்த கட்டில்கள் வெளியே போயின. உதவியாளர் அம்மா தரையை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினார். மெத்தையக்கா தன் கையாலேயே தாழ்ப்பாளை மூன்று முறை போட்டுப் பார்த்தாள். சேர்க்கை நாளில் அம்மாக்கள் செய்வதைப் பார்த்து எத்தனை சிரித்திருப்பாள்.

வீட்டுக்குப் போய் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. பெண் ஓர் அலுவலக நாற்காலியில் முக்கால் மணி நேரம் அசந்து தூங்கியதை நம்பி இத்தனை அமளியா என்று மனசு குடைந்தது. ஜெனரேட்டர் வேறு, மோட்டார் வேறு. இதுவும் சரிப்பட்டு வராவிட்டால் சனிக்கிழமை வேன் வந்து நிற்கும். கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண் கடையில் நிற்கப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வகுப்பு. பெண் போகவில்லை என்று ஆசிரியை போன் பண்ணினார். பத்து மணிக்கு மெத்தையக்கா பின்பக்கம் போய்க் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. பலமாகத் தட்டினாள். மோட்டார் சத்தத்தில் அவள் தட்டியது அவளுக்கே கேட்கவில்லை. ஜன்னல் உள்ளே கொக்கி போட்டிருந்தது. நேற்று அழாமல் பேசிய பெண், மூன்று மாசமாகத் தூங்காத பெண், தனி அறை. கெட்ட நினைப்பு ஒன்று தலைகாட்டியதும் அவள் ஓடிப்போய் வார்டனைக் கையோடு அழைத்து வந்தாள். தாழ்ப்பாள் போடாமல் சாவியால் மட்டும் பூட்டியிருந்தது நல்லதாகப் போயிற்று. மாற்றுச் சாவியைத் துவாரத்தில் நுழைக்க அவளுக்கு மூன்று தடவை ஆயிற்று.

கதவு திறந்தது.

பெண் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். குப்புறக் கிடந்தாள். ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்கியது. போர்வை தரையில். தலையணைக்குப் பக்கத்தில் போன் அலாரம் துள்ளித் துள்ளி ஓய்ந்து, மறுபடி துள்ளிக்கொண்டிருந்தது. முதுகு சீராக ஏறி இறங்கியது. மெத்தையக்கா அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு மூச்சு எண்ணினாள். ஐந்தாவதில் அவளுக்கே மூச்சு வந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

வார்டன் முன்னால் போய்ப் பெண்ணின் தோளைத் தொடப் போனார். “வகுப்பு இருக்கே.”

மெத்தையக்கா வார்டனின் கையைப் பிடித்து நிறுத்தினாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் எந்த வார்டனின் கையையும் பிடித்ததில்லை. “இன்னிக்கு ஒரு நாள் போகட்டும்மா.”

வார்டன் தன் கையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். பிறகு குனிந்து போனை எடுத்து, அலாரத்தை அணைத்து, தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்தார். இரண்டு பேரும் கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள். நடைபாதையில் வார்டன், “இவ்வளவு சத்தத்துல எப்படித்தான்” என்று ஆரம்பித்து, முடிக்காமலே தன் வேலையைப் பார்க்கப் போனார்.

மத்தியானம் சாப்பாட்டு நேரமும் தாண்டி, நாலு மணிக்குப் பெண் அலுவலகத்துக்கு வந்தாள். முகம் கழுவியிருந்தாலும் கன்னத்தில் தலையணை மடிப்பு அப்படியே பதிந்திருந்தது. குரல் கரகரத்தது. பசி கண்ணில் தெரிந்தது.

“பதினேழு மணி நேரம் தூங்கியிருக்கேங்கக்கா.”

“எண்ணியாச்சா. புள்ளியியல் பொண்ணாச்சே.”

பெண் சிரித்தாள். பல் தெரியச் சிரித்து மெத்தையக்கா பார்ப்பது இதுதான் முதல் தடவை. உடனே அந்தச் சிரிப்பு மங்கியது.

“அப்பாவுக்கு என்ன சொல்றதுக்கா? நாளைக்கு லீவு போட்டுட்டார். வேனுக்கும் முதலாளிகிட்டச் சொல்லிட்டார். காலையில கிளம்பிருவார்.”

மேசை மேல் காலி செய்கிற கடிதம் நேற்று வைத்த இடத்திலேயே கிடந்தது. மெத்தையக்கா அதை எடுத்து, நாலாக மடித்து, பெண்ணின் கையில் வைத்தாள்.

“வரட்டும். வேனைக் காலியா மட்டும் கொண்டு வர வேண்டாம்னு சொல்லு. வீட்ல உன் சாமான் வேற என்னென்ன இருக்கோ, எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு வரட்டும்.”

பெண் கடிதத்தைப் பைக்குள் வைத்தாள். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். உள்ளே மெத்தையக்காவுக்குக் கேட்டது ஒரு வார்த்தைதான். “அப்பா” என்று கூப்பிட்டாள். மூன்று மாசமாக வராத அழுகை எல்லாம் அப்போது வந்தது. மெத்தையக்கா எழுந்துபோய்ப் போனை வாங்கி, “ஒண்ணும் இல்லீங்க, நல்ல சேதிதான். நீங்க சாமானை ஏத்துங்க” என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் வேன் வந்தது. பக்கவாட்டில் ஐஸ் கம்பெனியின் நீல எழுத்து. உள்ளே ஒரு தகரப் பெட்டி, ஒரு மேசை விளக்கு, சுருட்டிய பாய், புத்தகக் கட்டு இரண்டு. ஆபரேட்டர் இறங்கினார். குட்டையான மனிதர், இரும்பு பழகிய கை. பெண்கள் விடுதி என்பதால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நடந்தார். மகளிடம், “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

மெத்தையக்கா இரண்டு பேரையும் அறைக்கு அழைத்துப் போனாள். மற்ற அப்பாக்களைப் போல அவரும் சுவர்ப் பக்கம்தான் முதலில் போனார். ஆனால் தட்டவில்லை. உள்ளங்கையை விரித்து, மோட்டார் ரூம் சுவர் மேல் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். மகள் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றாள். அப்பா அப்படி நிற்கும்போது பேசக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

“கரண்ட் போனா என்னங்க பண்ணுவீங்க?” என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“ஜெனரேட்டர் இருக்குங்க. பத்து செகண்டுல மறுபடி ஓடும்.”

“பத்து செகண்டு பரவாயில்ல. புரண்டு படுப்பா, அவ்வளவுதான்.” இன்னும் கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டார். “ரெண்டு மோட்டார் மாத்தி மாத்தி ஓடுது. ரெண்டும் நல்ல கையில இருக்கு. யாரு பார்த்துக்கிறது?”

“எங்க மோட்டார்க்காரர்தான்.”

“அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன்.” கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார். “படிப்பு இன்னும் எத்தனை வருஷம்?”

“ரெண்டே முக்கால் வருஷம்ப்பா.”

அவர் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. மனசுக்குள் எதையோ கணக்குப் போட்டார். இயந்திரம் பழகினவர் போடுகிற கணக்கு, மெத்தையக்காவுக்கு அது விளங்காது.

“மோட்டார் ஓடும்மா” என்றார் மகளிடம். “அது வரைக்கும் ஓடும்.”

பிறகு தகரப் பெட்டியை எடுத்து வர வெளியே போனார்.